காணாமல் ஆக்கப்பட்டோரும் தேடும் குடும்பங்களும்: இலங்கையின் நாற்பதாண்டு வரலாறு

இலங்கையில் ஆட்களைப் பிடித்துச் சென்று தடமின்றி மறைத்துவிடும் கொடுமை வடக்கு கிழக்குப் போரோடு தொடங்கியதன்று. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய கிளர்ச்சியை அரசு அடக்கியபோதே, தெற்கில் கைதான சிங்கள இளைஞர் பலர் வீடு திரும்பவில்லை. அடுத்த பத்தாண்டில் சட்டமே இந்தக் கொடுமைக்கு வழி திறந்துவிட்டது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒருவரை வழக்குத் தொடராமலே 18 மாதம் வரை தடுத்துவைக்க இடம் கொடுத்தது. 1983 ஜூன் 3ஆம் திகதி அவசரகால விதிகளில் சேர்க்கப்பட்ட 15ஏ என்ற விதி அதைவிட மோசமானது. மரண விசாரணை நடத்தாமலும் பெயரை வெளியிடாமலும் சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ படையினருக்கு அது அதிகாரம் அளித்தது. பிடித்தவர் யார், எங்கே வைத்திருந்தார், உடல் எங்கே போனது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. பின்னாளில் வந்த விசாரணை ஆணைக்குழுக்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் தடுமாறி நின்றன.

குடும்பங்கள் அமைப்பாகத் திரண்டது முதலில் யாழ்ப்பாணத்தில். 1984இல் வடக்கில் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கைது செய்யப்பட்டுத் தெற்கிலுள்ள முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களின் தாய்மார் அன்னையர் முன்னணி என்ற பெயரில் ஒன்றுகூடி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்று அரசாங்க அதிபரிடம் தங்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். அதுவரை அரசியல் கூட்டங்களின் பின்வரிசையில்கூட அதிகம் காணப்படாத பெண்கள் அவர்கள். பொலிஸ் நிலையத்துக்கும் முகாமுக்கும் ஆண்கள் போனால் அவர்களும் பிடிபடுவார்கள் என்ற அச்சமே பெண்களை முன்னே கொண்டுவந்தது. வாசலில் நிற்பதும் மனுக் கொடுப்பதும் அதிகாரியை மறித்துக் கேட்பதும் தாய்மாரின் வேலை என்ற வழக்கம் அங்கிருந்து தொடங்கியது. நாற்பது ஆண்டுகளாகியும் அது மாறவில்லை.

தெற்கில் 1987 முதல் 1990 வரை நடந்தது 1971ஐயும் மிஞ்சியது. மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சியின்போது அந்த இயக்கமும் கொலைகள் செய்தது. அதை ஒடுக்க வந்த படையினரும் பெயரில்லாத ஆயுதக் குழுக்களும் பல்லாயிரம் பேரைப் பிடித்துச் சென்றார்கள். வீதியோரத்தில் டயரில் எரியும் சடலங்களும் ஆற்றில் மிதந்து வந்த உடல்களும் அக்காலத்தை வாழ்ந்து கடந்த சிங்களக் கிராமங்களில் இன்றும் பேசப்படுகின்றன. 1990 ஜூலையில் மாத்தறையில் தெற்கின் அன்னையர் முன்னணி தொடங்கியது. எதிர்க்கட்சியின் இளம் நாடாளுமன்ற உறுப்பினர்களான மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும் அதை ஒழுங்குபடுத்தினார்கள். 1992 ஆகும்போது அதில் ஏறத்தாழ 25,000 பெண்கள் சேர்ந்திருந்தார்கள். காணாமல் போனவர்களுக்காக அன்று ஜெனீவா வரை குரல் கொடுத்த மகிந்த ராஜபக்ச பின்னர் ஜனாதிபதியானபோது, வடக்குத் தாய்மார் அதே கேள்வியை அவருடைய அரசிடம் கேட்க வேண்டியிருந்தது.

அந்தத் தெற்குப் பெண்கள் சட்டத்திடம் மட்டும் போகவில்லை, தெய்வத்திடமும் போனார்கள். 1992 ஜூன் 23ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாள். அன்று நூற்றுக்கணக்கான சிங்களத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளியம்மன் கோயிலில் கூடினார்கள். தேங்காய் உடைத்து, தலைவிரி கோலமாக அழுது, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் நாசமாகப் போகவேண்டும் என்று சாபமிட்டார்கள். பெரும்பாலும் பௌத்தர்களான அவர்கள் நீதி கேட்டு நின்றது தமிழர் வழிபடும் ஒரு கோயிலில். நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் காளியிடம் முறையிடுவது இலங்கையில் இனம் மதம் பார்க்காத பழைய வழக்கம். மானிடவியலாளர் மாலதி டி அல்விஸ் இந்த அழுகையையும் சாபத்தையும் விரிவாக ஆராய்ந்தார். அடக்குமுறை எல்லா வாயையும் மூடியிருந்த காலத்தில், தாயின் கண்ணீரைச் சட்டவிரோதம் என்று சொல்ல அரசால் முடியாமல் போனதே அதன் பலம் என்று அவர் எடுத்துக்காட்டினார். முப்பது ஆண்டு கழித்து, 2022 ஜனவரியில், 2010இல் காணாமல் ஆக்கப்பட்ட கேலிச்சித்திரக்காரரும் பத்திரிகையாளருமான பிரகீத் எக்னெலிகொடவின் மனைவி சந்தியா அதே காளி கோயிலில் தலைமுடியை மழித்துத் தன் முறையீட்டை வைத்தார்.

கிழக்கில் 1990 மிகக் கொடிய ஆண்டு. ஜூன் மாதத்தில் விடுதலைப் புலிகளுக்கும் அரசுக்கும் மீண்டும் போர் மூண்டபோது, கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். ஜூலை 12ஆம் திகதி காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்களைக் குருக்கள்மடத்தில் புலிகள் இறக்கிக் கொண்டுபோனார்கள். அவர்களின் உடல்கள் உறவினருக்குக் கிடைக்கவில்லை. ஜனாஸாத் தொழுகைக்கும் அடக்கத்துக்கும் உடலைத் தோண்டி எடுத்துத் தாருங்கள் என்று அந்தக் குடும்பங்கள் பல்லாண்டு கழித்தும் நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமை இராணுவம் சுற்றிவளைத்து 158 பேரை வரிசையிலிருந்து பிரித்துப் பேருந்துகளில் ஏற்றிச் சென்றது. அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. மட்டக்களப்பில் ஒரே கிராமத்தில் பல வீடுகள் ஒரே நாளில் ஆண்துணை இழந்தன.

அந்த மாவட்டத்தில் தேடல் எடுத்த வடிவத்தை அமெரிக்க மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் 1990களில் நேரில் தங்கிப் பதிவு செய்தார். காளி, மாரி, பேச்சி கோயில்களில் தெய்வமாடும் பெண்களிடமும் ஆண்களிடமும் குடும்பங்கள் போய் நின்றன. மகன் இருக்கிறானா, எந்தத் திசையில் இருக்கிறான், அடிபட்டிருக்கிறானா என்ற கேள்விகளை அவர்கள் தெய்வத்திடம் கேட்டார்கள். முகாம் வாசலில் வாய் திறந்து கேட்க முடியாத கேள்விகள் அவை. உரு வந்தவர் சில வேளைகளில் பிடிபட்டவனின் வேதனையைத் தன் உடலிலேயே காட்டுவார். ஊர் சுற்றி நின்று பார்க்கும். திருவிழாக் காலத்தில் நேர்த்தி வைத்துத் தீ மிதிப்போர் தொகை அந்த ஆண்டுகளில் பெருகியது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அன்றைய மட்டக்களப்பில் ஒரு தாய் தன் மகனின் பெயரைப் பலர் முன்னிலையில் உரக்கச் சொல்லக்கூடிய இடம் அந்தக் கோயில் வீதி ஒன்றுதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை இராணுவம் மீளக் கைப்பற்றிய பின்னர், 1996இல் அங்கே சுமார் 600 பேர் சோதனைச் சாவடிகளிலும் சுற்றிவளைப்புகளிலும் பிடிபட்டுக் காணாமல் போனார்கள். அவ்வாண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி ஒருவர் செம்மணிச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் அதே சாவடியில் கொல்லப்பட்டார்கள். தேடிப் போவதே உயிராபத்து என்பதை அந்தச் சம்பவம் குடாநாடு முழுவதற்கும் உணர்த்தியது. 1998 ஜூலையில் அவ்வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட படைவீரர் ஒருவர், செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் அங்கே தோண்டியபோது 15 என்புத் தொகுதிகள் கிடைத்தன. அவற்றில் இருவர் 1996இல் காணாமல் போனவர்கள் என்று அடையாளம் காணப்பட்டது. அதன்பின் அந்த நிலம் கால் நூற்றாண்டு மூடியே கிடந்தது.

போரில் காணாமல் போனவர்கள் தமிழர் மட்டுமல்லர். 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் நூற்றுக்கணக்கான படைவீரர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் போனது. அவர்களில் ஒருவரின் தாயான விசாகா தர்மதாச, காணாமல் போன படைவீரரின் பெற்றோரைத் திரட்டி அமைப்பாக்கினார். வன்னிக்குள் சென்று புலிகளின் தலைவர்களையும் சந்தித்துக் கேட்டார். போரில் பாதிக்கப்பட்ட சிங்களத் தாய்மாரையும் தமிழ்த் தாய்மாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது அவருடைய பெரும்பணி. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இலங்கையில் பதிவு செய்த 16,000க்கும் மேற்பட்ட காணாமல் போனோரில் 5,000க்கும் அதிகமானோர் படையினர்.

ஆணைக்குழுக்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1991இல் பிரேமதாச நியமித்த ஆணைக்குழு, அவ்வாண்டு ஜனவரி 11ஆம் திகதிக்குப் பிறகு நடந்ததை மட்டும் விசாரிக்கலாம் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய பெருங்கொடுமைகள் அத்தனையும் விசாரணை எல்லைக்கு வெளியே நின்றன. 1994 நவம்பரில் சந்திரிகா குமாரதுங்க மூன்று வலய ஆணைக்குழுக்களை நியமித்தார். மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் தெற்கிலும், ஓய்வுபெற்ற நீதிபதி பாலகிட்ணர் தலைமையில் வடகிழக்கிலும் நடந்த அமர்வுகள்தான் இன்றுவரை நடந்தவற்றுள் நேர்மையானவை. ஏறத்தாழ 16,800 பேர் காணாமல் ஆக்கப்பட்டது உண்மை என்று அவை உறுதி செய்தன. எஞ்சியவற்றை விசாரிக்க 1998இல் வந்த அகில இலங்கை ஆணைக்குழு மேலும் 4,000க்கும் மேற்பட்ட சம்பவங்களை உறுதிப்படுத்தியது. அறிக்கைகளில் குற்றவாளிகள் எனக் குறிக்கப்பட்டோரில் மிகச் சிலரே நீதிமன்றம் ஏறினார்கள். எம்பிலிப்பிட்டியில் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்ட வழக்கில் அதிபரும் படையினரும் 1999இல் தண்டிக்கப்பட்டது அந்த அரிய விதிவிலக்குகளில் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபையின் பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான செயற்குழுவின் பதிவேட்டில், ஈராக்குக்கு அடுத்தபடியாக இலங்கை நீண்டகாலம் இரண்டாம் இடத்தில் நின்றது. 1980களின் இறுதியிலிருந்து 60,000 முதல் ஒரு இலட்சம் பேர் வரை காணாமல் போயிருக்கலாம் என்பது சர்வதேச மன்னிப்புச் சபையின் மதிப்பீடு.

2006இல் போர் மீண்டும் தொடங்கியதும் வெள்ளை வான் என்ற சொல்லே ஊரை நடுங்க வைத்தது. இலக்கத்தகடு இல்லாத வானில் வந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் ஆட்களை அள்ளிச் சென்றார்கள். அதே காலத்தில் வன்னியில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டு எங்கே விழுந்தார்கள் என்று தெரியாத பிள்ளைகளின் பெற்றோரும் இன்று தேடுவோரின் வரிசையில் இருக்கிறார்கள்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது நடந்தது முன்னைய எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் மக்கள் வந்தபோது, புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மனைவியர் கணவரையும் தாய்மார் பிள்ளைகளையும் தங்கள் கையாலேயே ஒப்படைத்தார்கள். சிலர் கைக்குழந்தைகளோடு குடும்பமாகவே சரணடைந்தார்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் அவர்களுடன் பேருந்தில் ஏறினார். அவரும் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கப் பட்டப்பகலில் நடந்த கையளிப்பு அது. இரவில் முகமூடி போட்டவன் கடத்தினான் என்று இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வன்னியில் இருந்தவர்கள் தொடர்பாகக் கச்சேரிப் புள்ளிவிவரங்களையும் முகாம்களுக்கு வந்தோர் தொகையையும் ஒப்பிட்ட மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் எழுத்தில் கொடுத்தார். அந்தத் தொகைக்கு அரசிடமிருந்து உரிய விளக்கம் வரவில்லை.

இந்த நீண்ட காலத்தில் தேடும் ஒரு குடும்பத்தின் கையில் சேரும் காகிதங்களே ஒரு வரலாறு. பெரும்பாலான வீடுகளில் அவை ஒரு பிளாஸ்டிக் கோப்பிலோ பொலித்தீன் பையிலோ இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கப் பதிவு இலக்கம், மனித உரிமை ஆணைக்குழுவின் கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய மனுவின் பிரதி, ஆணைக்குழு அழைப்புக் கடிதம் எல்லாம் அதில் அடுக்கியிருக்கும். அவற்றோடு ஒரு படமும் இருக்கும். பெரும்பாலும் அது அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்து லாமினேற் செய்தது. அல்லது ஒரு கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டியெடுத்தது. பக்கத்தில் நின்றவரின் தோள் ஓரத்தில் இன்னும் தெரியும். இடப்பெயர்வில் எல்லாம் போன குடும்பங்களுக்கு அந்த ஒரு படமே மிச்சம். அரசு வெளியிட்ட புனர்வாழ்வுப் புத்தகங்களிலும் பத்திரிகைப் படங்களிலும் தாய்மார் தங்கள் பிள்ளையின் முகத்தைத் தேடினார்கள். 2015 ஜனாதிபதித் தேர்தல் துண்டுப் பிரசுரம் ஒன்றில் சீருடையில் நின்ற சிறுமிகளில் ஒருத்தி, 2009இல் தொலைந்த தன் மகள் என்று வவுனியாத் தாய் ஒருவர் அடையாளம் காட்டினார். அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பல ஆண்டுகள் போராடினார்.

2013 ஓகஸ்டில் காணாமல் போனோர் பற்றி விசாரிக்கப் பரணகம ஆணைக்குழு வந்தது. சுமார் 19,000 பொதுமக்கள் தொடர்பான முறைப்பாடுகளும் படையினர் தொடர்பாக 5,000 முறைப்பாடுகளும் அதற்குக் கிடைத்தன. அமர்வுகளில் தமிழில் சொன்னது சரியாக மொழிபெயர்க்கப்படவில்லை என்றும், சாட்சியத்தை முழுதாகக் கேட்காமல் இழப்பீடும் வாழ்வாதார உதவியும் வேண்டுமா என்ற கேள்விக்குத் தாவினார்கள் என்றும் அவதானிப்பாளர்கள் கண்டித்தார்கள். ஐந்தாவது ஆறாவது தடவையாக அதே கதையை அந்நியர் முன் சொல்லி அழ வைப்பதும் ஒரு வன்முறைதான். அதை அந்த ஆணைக்குழுக்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நடக்கும் போராட்டம் வெளியே தெரிவதில்லை. யாழ்ப்பாணத்துச் சைவ மரபில் ஒருவர் இறந்தால் காடாத்து, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் ஆட்டத்திவசம் என்று துக்கத்துக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. ஊரும் உறவும் ஒவ்வொரு படியிலும் வந்து நிற்கும். ஒவ்வொரு படியிலும் துக்கம் கொஞ்சம் இறங்கும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இந்தப் படிகள் எதுவும் இல்லை. திதி கொடுக்க நாள் தெரியாது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிப்பதா இல்லையா என்று மகன் முடிவெடுக்க முடியாது. பிடித்தால் தகப்பன் செத்துவிட்டார் என்று தானே சொன்னதாகிவிடும். ஆகவே பல வீடுகளில் கீரிமலைக்குப் போவதில்லை. மாறாக ஆண்டுதோறும் பிறந்த நட்சத்திரத்தில் கோயிலில் அருச்சனை நடக்கும். உயிருடன் இருப்பவருக்குச் செய்யும் அருச்சனை அது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர் 2ஆம் திகதி கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறை இல்லை.

மனைவியின் நிலை இன்னும் சிக்கலானது. தாலியைக் கழற்றினால் கணவனைத் தானே கொன்றதாக மாமியார் வீட்டார் சொல்வார்கள். பொட்டும் பூவும் வைத்தால் ஊர் வேறு கதை கட்டும். நல்ல காரியங்களில் அவளை முன்னுக்கு அழைப்பதா என்று உறவினர் தயங்குவார்கள். பிள்ளையின் கல்யாண அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன் அமரர் என்று போடுவதா என்ற கேள்வி வரும்போது ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று கருத்து இருக்கும். உளவியலாளர் பவுலின் பாஸ் 1970களில், போரில் காணாமல் போன அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, தெளிவற்ற இழப்பு என்று இந்நிலைக்குப் பெயரிட்டார். வடக்கில் பல்லாண்டு மருத்துவம் செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதரோடு நில்லாமல் ஒரு சமூகமே கூட்டாகக் காயப்படுவதை எழுதினார். ஊர்ச்சடங்குகளும் கோயிலும் கூட்டாக அழுவதும் மருந்துக்கு நிகராக வேலை செய்வதை அவர் வலியுறுத்தியது கவனிக்கத்தக்கது.

சட்டமும் இந்தக் குடும்பங்களை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வருத்தியது. வழமையான சட்டப்படி ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கொள்ளலாம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதை ஓராண்டாகக் குறைத்து மரணச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. காணியை மாற்றவும் வங்கிப் பணத்தை எடுக்கவும் ஊழியர் சேமலாப நிதியைப் பெறவும் சான்றிதழ் வேண்டும். அதை வாங்கினால் தேடும் உரிமை போய்விடும் என்ற அச்சம். 2016இல் வந்த திருத்தம் முதன்முறையாக மூன்றாவது வழியைத் தந்தது. ஒருவர் இறந்தார் என்று சொல்லாமலே அவர் காணப்படவில்லை என்பதைப் பதிவு செய்யும் காணப்படாமைச் சான்றிதழ் அது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குள் பல தாய்மாருக்கு அரசு தரும் எந்தச் சான்றிதழிலும் நம்பிக்கை அற்றுப்போயிருந்தது.

2016 தைப்பொங்கல் விழாவுக்கு யாழ்ப்பாணம் வந்த பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, காணாமல் போனோரில் பெரும்பாலானோர் இப்போது உயிருடன் இல்லாமல் இருக்கலாம் என்றார். எப்படி இறந்தார்கள், எங்கே, யார் கையில் என்று எதுவும் சொல்லாமல் இறந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னது குடும்பங்களைக் கொதிக்க வைத்தது. 2017 ஜனவரி 23ஆம் திகதி வவுனியாவில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கியது. அரசின் வாக்குறுதியை நம்பி நான்காம் நாள் அதைக் கைவிட்டார்கள். வாக்குறுதி காற்றில் போனது. பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், ஏ-9 வீதியோரம், கொட்டகை போட்டுத் தொடர் போராட்டம் தொடங்கியது. நான்கு நாள் கழித்து வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் திருகோணமலையிலும் கொட்டகைகள் எழுந்தன.

தரப்பாளும் தகரமும் போட்ட அந்தக் கொட்டகைகள் போராட்டக் களம் மட்டுமல்ல. உள்ளே மூன்று பக்கமும் படங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் கீழே பாய் விரித்துப் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். இரவுக்கு ஒரு கூட்டம், பகலுக்கு ஒரு கூட்டம். தூரக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தில் வந்தவர்கள் கடைசிப் பேருந்தில் போனார்கள். வயல் வேலையும் கூலி வேலையும் விட்டு வந்தவர்களுக்கு அங்கேயே தேநீரும் சோறும் சமைத்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்தது. புலனாய்வாளர்கள் வந்து படமெடுத்தார்கள், பெயர் கேட்டார்கள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஆண்டுகளாக அந்த இடம் வெறுமையாகாமல் காத்தார்கள். வீட்டில் தனியே அழுதவர்களுக்குத் தம்மைப் போன்றவர்கள் நடுவில் உட்காரக் கிடைத்ததே பெரிய ஆறுதல். மரபுச் சடங்கு இல்லாமல் போன துக்கத்துக்கு அவர்களாகவே ஒரு கூட்டு ஒழுங்கை உண்டாக்கிக்கொண்டார்கள். ஓகஸ்ட் 30ஆம் திகதியான சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினமும் பெப்ரவரி 20ஆம் திகதியும் இன்று வடகிழக்கின் நாட்காட்டியில் ஊர்வல நாட்கள். தெற்கில் சீதுவைக்கு அருகிலுள்ள ரத்தொளுவ நினைவிடத்தில் சிங்களக் குடும்பங்கள் ஒக்டோபர் 27ஆம் திகதி கூடுகின்றன. அந்த நினைவிடத்தின் சுவரிலும் முகங்கள்தான் பதிக்கப்பட்டிருக்கின்றன.

2017 ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இந்தத் தாய்மாரைச் சந்தித்துச் சரணடைந்தோர் பட்டியலை வெளியிடச் செய்வதாகச் சொன்னார். பட்டியல் வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் 2018இல் வேலையைத் தொடங்கி மாத்தறை, மன்னார், யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் கிளைகள் திறந்தது. நிரந்தரமான ஒரு நிறுவனம் என்ற வகையில் முந்திய ஆணைக்குழுக்களைவிட அது முன்னேற்றம்தான். ஆனால் அதன் முடிவுகள் எவர்மீதும் குற்றப் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ சுமத்தா என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வடக்குத் தாய்மார் அதை ஏற்க மறுத்தது பிடிவாதத்தால் அன்று, அனுபவத்தால். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச காணாமல் போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் கூறியதும், 2022இல் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுப்பதாக அமைச்சரவை முடிவெடுத்ததும் அந்த மறுப்பை உறுதியாக்கின. நீதிமன்ற வழி மட்டும் சற்றுத் திறந்தது. வட்டுவாகலில் சரணடைந்தோர் தொடர்பான ஆட்கொணர்வு மனுக்களில் ஒன்றில், புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளராக இருந்த எழிலனை முன்னிலைப்படுத்துமாறு 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. மனுத் தாக்கல் செய்யப்பட்டு ஏறத்தாழ பத்து ஆண்டு ஆகியிருந்தது.

மண்ணுக்குள்ளிருந்தும் பதில்கள் வரத் தொடங்கின. அவை தெளிவாக வரவில்லை. மன்னார் சதொச விற்பனை நிலைய வளாகத்தில் 2018இல் 300க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் கிடைத்தபோது வடக்கு முழுவதும் மூச்சடக்கிக் காத்திருந்தது. அமெரிக்க ஆய்வுகூடம் செய்த காபன் பரிசோதனை அவற்றை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. பல குடும்பங்கள் அந்த முடிவை நம்பவில்லை. 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கு வெட்டியபோது வெளிவந்த புதைகுழியில் 50க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள், புலிகளின் சீருடைத் துணிகளோடு இருந்தன. 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியவர்கள் மனித என்புகளைக் கண்டார்கள். நீதிமன்ற உத்தரவின்படி பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் நடந்த அகழ்வில் சில மாதங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு பாடசாலைப் பையும் ஒரு பொம்மையும் ஒரு பாற்போத்தலும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன. ஜூன் மாதம் அங்கே வந்த ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் வோல்கர் டேர்க் குடும்பங்களைச் சந்தித்தார். ஓகஸ்ட் 5ஆம் திகதி உடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. முப்பது ஆண்டுக்கு முன் மகன் போட்டிருந்த சேட்டின் நிறத்தை நினைவில் வைத்திருந்த பெற்றோருக்கு, மண் தின்ற துணியில் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

என்பு யாருடையது என்று உறுதியாகச் சொல்ல மரபணு ஒப்பீடு வேண்டும். அதற்குத் தாய், தகப்பன், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய இரத்த உறவினரின் மாதிரி வேண்டும். 2017இல் கொட்டகைகளில் உட்கார்ந்த பெற்றோரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமலே இறந்துபோனார்கள். மிஞ்சியிருப்போரில் பலர் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களின் மாதிரிகளை வீடு வீடாகச் சென்று இப்போதே எடுத்துப் பாதுகாக்க வேண்டும். வட்டுவாகலில் பேருந்தில் ஏற்றியவர்களின் பெயர்ப்பட்டியலையும் அரசு வெளியிட வேண்டும். இவை இரண்டுக்கும் இன்னொரு ஆணைக்குழு தேவையில்லை.